பாம் ஷெல்டர் கதவில் ஓர் அரசியலமைப்பு

ஈசூன்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் திரு. முத்துராமன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ரஞ்சிதத்தின் கணவன் அழகர்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், ரஞ்சிதம், மகள் இளமதி, மாப்பிள்ளை ஜெய் ஆகிய நால்வரும் உடல் நலத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். மற்ற நலங்களைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே சிராங்கூன் சாலையில் உங்கள் பூமாலைக் கடையின் வியாபாரம் ஏறுமுகமாகவும், பூவம்மா அக்காவின் முழங்கால் வலி இறங்குமுகமாகவும் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ரயில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் உங்கள் தங்கை. அதில் நான் எதை எழுதினாலும் அது எனக்கு எதிரான சாட்சியமாகிவிடும். தொலைபேசியில் சொல்லலாமென்றால் நீங்கள் சிரிப்பீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. ஆகவே கடிதம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை மாலை எங்கள் சமூக மன்றத்தில் கலைவிழா. அதில் உங்கள் தங்கை தனியாக மேடையேறி, மைக்கைப் பிடித்து, கால் மணி நேரம் சபையைச் சிரிக்க வைக்கப் போகிறாள். சிரிப்புக்குப் பொருள் நான். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு நடை வந்து, மூத்த அண்ணன் என்ற முறையில், ‘ரஞ்சிதம், வேணாம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். சட்டப்படி எனக்கிருந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. எப்படி அடைபட்டன என்பதை விவரமாக எழுதுகிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மேனேஜராக இருந்த காலம் உங்களுக்குத் தெரியும். அந்த வேலையில் முக்கால்வாசி நோட்டீஸ் எழுதுவதுதான். நீச்சல் குளத்தில் பந்து கூடாது, பந்தாடும் இடத்தில் ஈர உடை கூடாது, லிஃப்டில் டுரியான் பழம் கூடாது, பால்கனியில் மெத்தை காயப்போடக் கூடாது, எல்லாவற்றுக்கும் கீழே ‘நிர்வாகத்தின் உத்தரவுப்படி’ என்று ஒரு வரி. ஓய்வு பெற்றபோது கேக் வெட்டினார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள், அலுவலகச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நோட்டீஸ் எழுதும் பழக்கத்தை மட்டும் என்னிடமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஐஸ்பெட்டிக் கதவில் ஒன்று ஒட்டினேன்: ‘கதவைத் திறக்குமுன் என்ன வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளவும்.’ பிறகு வாசலில், செருப்புகள் வெளிப்புறம் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று ஒன்று. அடுப்படியில், சாம்பார்க் கரண்டியை ரசத்தில் போடக் கூடாது என்று ஒன்று. இதில் எது தப்பு சொல்லுங்கள்? எல்லாம் பொதுநலன். ஆனால் தஞ்சோங் பகாரில் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் உங்கள் மருமகள் இளமதி ஒருநாள் பால் எடுக்க வந்தவள், ஐஸ்பெட்டியைத் திறக்காமல் அதன் முன்னாலேயே நின்றாள்.

“அப்பா, கீழ ‘நிர்வாகம்’னு போட்டிருக்கே, அது யாரு?”

“நான்தான்.”

“உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?”

“நிர்வாகம்.”

அவள் சொன்னாள்: “பார்லிமெண்டே நினைச்ச சட்டத்தையெல்லாம் போட்டுட முடியாதுப்பா. அதுக்கு மேல அரசியலமைப்பு இருக்கு. அதுல இருக்கிற உரிமையோட முட்டுற சட்டம், முட்டுற அளவுக்குச் செல்லாது. நாட்டுக்கே அப்படின்னா நம்ம ஃபிளாட்டுக்கும் ஒண்ணு எழுதிடலாம் லா.”

நான் மகிழ்ச்சியோடு சம்மதித்தேன் மச்சான். அதுதான் நான் செய்த முதல் பிழை. அரசியலமைப்பு என்பது பெரிய அளவிலான நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை ஊற்ற ஊற்ற, நால்வரும் உட்கார்ந்து எழுதினோம். வீட்டில் சட்டம் போடும் அதிகாரம் நால்வருக்கும். இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் அவைத்தலைவரான எனக்கு இன்னொரு வாக்கு. இதை இளமதி மறுக்கவே இல்லை, அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை ஜெய் தங்கமான பையன். அவர்கள் பதிவு செய்து காத்திருக்கும் பிடிஓ அரசு வீடு கட்டி முடிகிற வரை எங்களோடுதான் இருக்கிறார். மாமனார் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை என்ற கூச்சத்தில் நான் எதைச் சொன்னாலும் “மாமா சொன்னா சரிதான்” என்று கை தூக்கிவிடுவார். ஆக அவர் வாக்கு, என் வாக்கு, என் இன்னொரு வாக்கு என்று என் ஆட்சி அசைக்க முடியாததாக இருந்தது. அதற்கு மேலே நான்கு உரிமைகள் எழுதினார்கள். எல்லாரும் சமம். எல்லாருக்கும் மனத்தில் பட்டதைப் பேச உரிமை உண்டு. அவரவர் அலமாரி அவரவருடையது, அதற்குள் அடுத்தவர் மூக்கை நுழைக்கக் கூடாது. செய்தபோது தப்பில்லாத காரியத்துக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தண்டிக்கக் கூடாது. இந்த நான்கில் எதையாவது மாற்ற வேண்டுமானால் நான்கு பேரில் மூன்று பேர் ஒப்ப வேண்டும், என் இன்னொரு வாக்கு அதில் சேராது. பேச்சுரிமையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நெருடியது. “வரம்பில்லாமல் பேசினால் வீடு என்னாவது?” என்று கேட்டேன். “நியாயந்தான்பா, நாட்டோட அரசியலமைப்புலயும் பேச்சுரிமைக்கு வரம்பு வைக்க பார்லிமெண்டுக்கு இடம் குடுத்திருக்காங்க” என்று சொல்லி, ‘வீட்டு அமைதிக்குத் தேவைப்பட்டால் சட்டம் போட்டு வரம்பு விதிக்கலாம்’ என்று அவளே ஒரு வரி சேர்த்தாள். அந்த வரி வழியாக ஒரு டபுள் டெக்கர் பஸ்ஸையே ஓட்டிவிடலாம் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

தாளை எங்கே ஒட்டுவது என்று பார்த்தபோது பாம் ஷெல்டர் கதவுதான் கண்ணில் பட்டது. குண்டு விழுந்தாலும் தாங்கும் என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிக் கொடுத்த அறை, நாங்கள் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் வைத்திருக்கிறோம். இரும்புக் கதவு, காந்தம் நன்றாகப் பிடிக்கும். அங்கே ஒட்டினோம்.

மிச்சம் இருந்தது நீதிமன்றம். சட்டம் உரிமையோடு முட்டுகிறதா என்று வெளியாள் ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்றாள் இளமதி. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அம்மாவை நான்தான் முன்மொழிந்தேன் மச்சான், என் வாயால் நானே முன்மொழிந்தேன். அவர் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி சொல்வதையும் நீதிபதி கேட்பதையும் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிச் சொல்வதுதான் வேலை. ‘நான் அடிக்கவில்லை’ என்று ஒருவன் சொன்னால், ‘இவர் அடிக்கவில்லையாம்’ என்று சொல்லக் கூடாதாம், ‘நான் அடிக்கவில்லை’ என்றே சொல்ல வேண்டுமாம். வாழ்நாள் முழுக்கச் சொந்தக் கருத்து ஒன்றுகூடச் சொல்லாத மனுஷி, நம் வீட்டிலும் சொல்ல மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த கருத்தையெல்லாம் எங்கள் வீட்டுக்காகவே சேர்த்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஏர்கான் சட்டம் போட்டேன். கூடத்தைத் தவிர மற்ற அறைகளில் பகலில் ஏர்கான் கூடாது. பகல் முழுக்கக் கூடத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பது தற்செயல். ஜெய் கை தூக்கினார், சட்டம் நிறைவேறியது, இளமதி அறையில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்த்து வேர்த்து ஊற்றி நேரே பஞ்சவர்ணம் அம்மா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “இந்தச் சட்டம் எதுக்கு, அழகர்சாமி சார்?”

“மின்சாரம் மிச்சம் பிடிக்க.”

“கூடத்து ஏர்கான் மின்சாரத்துல ஓடலையா?”

சட்டம் காலி. நான் விடுவேனா? அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் அறைக்கு மட்டும் விலக்கு என்று திருத்தி எழுதினேன். “ஆளை வகை பிரிக்கலாம், தப்பில்ல. ஆனா பிரிக்கிற கோட்டுக்கும் சட்டத்தோட நோக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கணும். வயசானவங்க இருந்தா மீட்டர் மெதுவா ஓடுமா?” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப எப்படி எழுதணும்னு நீங்களே எழுதிக் குடுங்க” என்றேன். “சட்டம் எழுதறது உங்க வேலை, நான் தொட மாட்டேன். கோட்டைத் தாண்டினா விசில் ஊதறது மட்டும்தான் என் வேலை” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். கடைசியில், ஆளில்லாத அறையில் யாருடைய ஏர்கானும் ஓடக் கூடாது என்று எழுதினேன். நான்கு பேரும் கை தூக்கினார்கள். என் வாழ்க்கையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய முதல் நோட்டீஸ் அது. மின்சாரமும் நிஜமாகவே மிச்சமானது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்து டுரியான். ஜெய் ஒரு சனிக்கிழமை நல்ல டுரியான் வாங்கி வந்து ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டார். அந்த வாடையில் மறுநாள் என் மோர் டுரியான், என் தோசை மாவு டுரியான். உடனே சட்டம்: வீட்டுக்குள் டுரியான் கூடாது, மீறினால் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும், நேற்று முதல் அமல். ஜெய் பாவம், தன்னைத் தண்டிக்கும் சட்டத்துக்கும் “மாமா சொன்னா சரிதான்” என்று தானே கை தூக்கிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். அவருக்காக இளமதி வழக்குப் போட்டாள். ‘நேற்று முதல்’ என்ற இரண்டு வார்த்தைகளைப் பஞ்சவர்ணம் அம்மா அடித்துவிட்டார். ஆனால் மிச்சச் சட்டம் செல்லும் என்றார். எல்லாருக்கும் பொது, இனிமேல்தான் நடப்பு, காரணமும் இருக்கிறது, நல்ல சட்டம் என்று என்னைப் பாராட்டவும் செய்தார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்த ‘எல்லாருக்கும் பொது’வில் நானும் உண்டு என்பது அடுத்த வாரம் டுரியான் வாங்கி வந்தபோதுதான் உறைத்தது. புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு மேலே வந்தேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. பேனாவை எடுத்தாலே, இது யாரைத் தாக்கும், எப்போதிலிருந்து தாக்கும், எதற்காகத் தாக்கும் என்று மனம் கேட்க ஆரம்பித்துவிட்டது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒரு நோட்டீஸ் எழுத உட்கார்ந்து பாதியிலேயே கிழித்துப் போட்டேன். இளமதியிடம் குறைபட்டுக்கொண்டேன். “அதுக்குத்தாம்ப்பா உரிமைன்னு ஒண்ணை எழுதி வைக்கிறது. எல்லாத்துக்கும் கோர்ட்டுக்குப் போக முடியுமா? பேனாவே முதல்ல யோசிச்சிடணும்” என்றாள். மகளை வக்கீலுக்குப் படிக்க வைத்ததில் எனக்குப் பெருமைதான், ஆனால் இப்படி வீட்டிலேயே வந்து முடியும் என்று நினைக்கவில்லை.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தேக்கா சந்தையில் அப்துல் அலீம் கடையில் வஞ்சிர மீன் வாங்க வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற, முன்பின் பார்த்திராத ஒருவர் தோளைத் தொட்டு, “அண்ணே, நீங்க ஈசூன் நோட்டீஸ் அண்ணன்தானே?” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள், “சாம்பார்க் கரண்டி ரசத்துல போகக் கூடாது லா!” என்று சொல்லிச் சிரித்தார். வரிசையே சிரித்தது. கையில் மீனைப் பிடித்திருந்த அப்துல் அலீமும் சிரித்தார். வீட்டுக்கு வந்து விசாரித்தேன். உங்கள் தங்கை சமூக மன்றத்தில் நகைச்சுவைக் குழுவில் சேர்ந்து நெடுநாள் ஆகிறதாம், ஒத்திகை பார்க்க வந்தவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்களாம். அவள் மறைக்கவும் இல்லை. “ஆமாங்க, மேடையில பேசப் போறேன். உங்க நோட்டீஸைப் பத்தித்தான்” என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

மச்சான், எனக்கு வலித்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. உத்தியோகம் போனபிறகு எனக்கு மிச்சம் இருந்தது ஒரு கைக்கடிகாரமும் கொஞ்சம் மரியாதையும்தான். கைக்கடிகாரம் ஏற்கெனவே நின்றுவிட்டது.

அன்று மாலையே அவையைக் கூட்டினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்த சட்டம் அது, ஓட்டையே இல்லாமல் எழுதினேன்: ‘வீட்டு விஷயத்தை வீட்டுக்கு வெளியே யாரிடமும், எந்த வடிவிலும், சொல்லவோ எழுதவோ நடிக்கவோ கூடாது.’ ரஞ்சிதமும் இளமதியும் எதிர்த்தார்கள். ஜெய் கையை முழுக்கத் தூக்காமல் காது வரைக்கும் கொண்டுபோய்க் காதைச் சொறிந்தார். அதை நான் வாக்காகக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். சட்டம் நிறைவேறியது. ரஞ்சிதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

விசாரணை பஞ்சவர்ணம் அம்மா வீட்டுக் கூடத்தில் நடந்தது. கோப்பியும் மசால்வடையும் கொடுத்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசி முடித்ததும், அதை அவரே ஒரு தடவை எழுந்து நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, எழுத்துத் தமிழில் திருப்பிச் சொல்வார். நான் பேசினேன்: “ஒரு கொண்டோவையே நடத்தினவன் நான். நான் லிஃப்டுல ஏறினா, பேசிக்கிட்டிருக்கிறவங்க பேச்சை நிறுத்திடுவாங்க, அவ்வளவு மரியாதை. இப்ப மீன் வாங்கப் போனா சிரிக்கிறாங்க. அதனால இவ மேடையில பேசக் கூடாது.”

பஞ்சவர்ணம் அம்மா எழுந்தார். “நான் ஒரு கொண்டோவையே நடத்தியவன். நான் லிஃப்டில் ஏறினால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு மரியாதை. இப்போது மீன் வாங்கப் போனால் சிரிக்கிறார்கள். அதனால் என் மனைவி மேடையில் பேசக் கூடாது.”

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, என்னைக் கேலியும் செய்யவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டபோது அந்த ‘அதனால்’ என்ற சொல் அந்தரத்தில் தொங்கியது. லிஃப்டில் அவர்கள் பேச்சை நிறுத்தியது மரியாதையால்தானா என்றும் எனக்கே முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. வடையைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு ரஞ்சிதம் பேசினாள். “சைல்ட்கேர்ல வேலை பார்த்தப்ப நாள் முழுக்கப் பேசினேன்மா. வரிசையா நில்லு, கை கழுவு, தூங்கு. வீட்டுக்கு வந்தா இவரு நோட்டீஸ். எனக்குன்னு ஒரு பேச்சு இருக்கான்னே மறந்து போச்சு. அன்னிக்கு ஒத்திகையில நான் சொன்னதுக்கு ரூமே சிரிச்சிச்சு. இவரைப் பார்த்துச் சிரிக்கல, நான் சொன்ன விதத்துக்குச் சிரிச்சாங்க. அது எனக்கு வேணும்.”

பஞ்சவர்ணம் அம்மா அதையும் திருப்பிச் சொன்னார். ‘அது எனக்கு வேண்டும்’ என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, கோப்பியை ஒரு வாய் குடித்துக்கொண்டார். நான் என் பக்கத்து வரியைக் காட்டினேன். வீட்டு அமைதிக்கு வரம்பு விதிக்கலாம் என்று இருக்கிறதே என்றேன். அவர் சொன்னார்: “வரம்பு போடலாம். தேவைப்பட்டாதான் போடலாம். வீட்டு அமைதி வேற, அழகர்சாமி சாரோட சங்கடம் வேற. சங்கடப்படுத்துற பேச்சையெல்லாம் தடுத்துட்டா, அப்புறம் பேச்சுரிமைன்னு கதவுல எதுக்கு ஒட்டி வெச்சிருக்கீங்க? அதோட, ‘யாரிடமும், எந்த வடிவிலும்’னு எழுதியிருக்கீங்க. நாளைக்கு இந்த வீட்டுல யாருக்காவது ஒரு மனக்குறைன்னா, சொந்த பந்தத்துக்கிட்ட சொல்லி ஆறுதல் தேடக்கூட முடியாதே?” நான் யாரிடம் போய் ஆறுதல் தேடப் போகிறேன் என்று அலட்சியமாக உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் சட்டத்தை அவர் முழுசாகத் தூக்கி எறியவில்லை. அலமாரி உரிமையைக் காப்பாற்றும் அளவுக்கு அது நிற்கும், ஒருவர் அலமாரிக்குள் வைத்திருக்கும் அந்தரங்கத்தை இன்னொருவர் மேடையேற்றக் கூடாது என்றார். எனக்குச் சட்டென்று தெம்பு வந்தது. “அப்ப இவ எழுதி வெச்சிருக்கிற அந்தத் தலைச்சாய ஜோக்கை எடுக்கணும்!” என்று எழுந்துவிட்டேன்.

“என்ன தலைச்சாயம்?” என்றார் பஞ்சவர்ணம் அம்மா.

“மாமா, அது உங்க சொந்தக் கறுப்பு இல்லையா?” என்றார் ஜெய், நிஜமான ஆச்சரியத்தோடு.

அந்த ஜோக் நீக்கப்பட்டது மச்சான். அந்தப் பகுதியில் எனக்குத்தான் வெற்றி. வெற்றி பெறுவதற்காக நானே அதை நீதிமன்றத்தில் அறிவிக்க வேண்டியதாகிவிட்டது, அவ்வளவுதான்.

கடைசி முயற்சியாகப் பேச்சுரிமையையே திருத்தப் பார்த்தேன். மூன்று வாக்கு வேண்டும். ரஞ்சிதம் எப்படியும் தர மாட்டாள். இளமதியிடம் அப்பா பாசத்தைக் காட்டலாம், ஜெய் எப்படியும் நம் பக்கம் என்று கணக்கு. இளமதி பாசமாகவே மறுத்துவிட்டாள். ஜெய் எழுந்து நின்றார். காதைச் சொறியவில்லை. “மாமா, சட்டம்னா எப்பவும் உங்க பக்கம்தான். ஆனா அந்தக் கதவுல இருக்கிறதை மாத்தாதீங்க மாமா. நாளைக்கு எனக்கும் ஒருநாள் ஏதாச்சும் பேசத் தோணும்ல?” என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. பேசி முடித்ததும் அவருக்கே பயம் வந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். ஐஸ்பெட்டியைத் திறக்குமுன் என்ன வேண்டும் என்று முடிவு செய்யவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆக மச்சான், பார்லிமெண்டும் கைவிட்டது, கோர்ட்டும் கைவிட்டது. மிச்சம் இருப்பது நம் வழக்கம் ஒன்றுதான். இளமதிக்குக் காது குத்தியபோது உங்கள் மடியில்தான் உட்கார வைத்தோம், வலி பொறுக்காமல் அவள் உங்கள் கையைக் கடித்ததற்கு அடையாளம் இன்னும் இருக்கும். நம் வீடுகளில் தாய்மாமன் வந்து உட்கார்ந்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பாம் ஷெல்டர் கதவில் அது எழுதப்படவில்லையே என்று இளமதி வாதாடுவாள். எழுதாத சட்டமும் உண்டு என்று சொல்லுங்கள். சனிக்கிழமை மத்தியானமே வந்துவிடுங்கள், சாப்பாடு இங்கேதான். அந்த ஒரு வார்த்தையைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னால் போதும், முதலிலேயே சொன்னால் சாப்பாடு கிடைக்குமா என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

பூவம்மா அக்காவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று ரஞ்சிதம் சொல்லச் சொன்னாள், இந்தக் கடிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது, பொதுவாகச் சொன்னாள். உங்கள் கடையில் கட்டும் மாலைகள் எல்லாம் நல்ல காரியங்களுக்கே போய்ச் சேரட்டும்.

என்றும் உங்கள் அன்பை நம்பியிருக்கும்,
அழகர்சாமி
(அவைத்தலைவர். இரண்டு வாக்கு, ஆனால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.)

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உறையில் போட்டு ஒட்டிவிட்டுத் தபால்தலை தேடிக்கொண்டிருந்தேன். இளமதி வந்து, “யாருக்குப்பா லெட்டர்?” என்றாள். மாமாவுக்கு என்றேன். “என்ன எழுதியிருக்கீங்க?” என்றாள். “வீட்டு விஷயம்தான்” என்றேன். அவள் பாம் ஷெல்டர் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அடிபட்ட என் சட்டம் இன்னும் அங்கேயே ஒட்டியிருந்தது: யாரிடமும், எந்த வடிவிலும், எழுதவோ. என் கையெழுத்தேதான். பஞ்சவர்ணம் அம்மா சொன்ன மனக்குறைக்காரன், சொந்த பந்தத்திடம் ஆறுதல் தேடுகிறவன், நான்தான் மச்சான். என் சட்டம் முழுசாக நின்றிருந்தால் இந்தக் கடிதம் குற்றம். ரஞ்சிதம் வழக்குப் போட்டு ஜெயித்த உரிமையில்தான் அவளைப் பற்றியே உங்களிடம் கோள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உறையைப் பிரித்துக் கிழித்துவிடலாமா என்று நின்றபோது அடுப்படியில் அவள் ஒத்திகை பார்ப்பது கேட்டது. என் குரலிலேயே, என் இருமலோடு, “நிர்வாகத்தின் உத்தரவுப்படி” என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன், ஆனாலும் அவளுக்குக் கேட்டுவிட்டது. வெளியே எட்டிப் பார்த்து, “நல்லா இருக்குதாங்க?” என்று கேட்டாள். மச்சான், அந்த முகத்தை நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கவில்லை. நல்லா இருக்கு என்றேன். அது உண்மையும்கூட.

ஆகவே சனிக்கிழமை நீங்கள் தீர்ப்புச் சொல்ல வர வேண்டாம், கைதட்ட வாருங்கள். முன்வரிசையில் உங்களுக்கும் அக்காவுக்கும் துண்டு போட்டு வைக்கிறேன். உங்கள் கையாலேயே ஒரு மல்லிகை மாலை கட்டி எடுத்து வாருங்கள், முடிந்ததும் மேடையில் அவளுக்குப் போட வேண்டும். தலைச்சாய விஷயத்தை மட்டும் அக்காவிடம் சொல்ல வேண்டாம், அது அலமாரிக்குள் இருப்பது. அந்த ஜோக்கை எடுத்ததால் நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று ரஞ்சிதம் கவலைப்பட்டாள், அதற்கு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டுரியானோடு ஒருவன் தான் போட்ட சட்டத்துக்குப் பயந்து கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிற இடம் வரும். அங்கே மட்டும் கொஞ்சம் பலமாகச் சிரியுங்கள் மச்சான். அது நான் எழுதியது.